மயக்கவியல் வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள்

எங்கள் அறுவை அரங்கச் செவிலியர்களுக்கான மயக்கவியல் வகுப்பை நேற்று ஒரு மருத்துவரும் மூத்த சிஸ்டர் ஒருவரும் சேர்ந்து எடுத்தார்கள். நோயாளி வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் கருவியின் திரையில் அலை திடீரெனத் தட்டையானால் மூச்சுக்குழாயில் செருகிய குழாய் இடம் மாறியிருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம், இதயமே நின்றிருக்கலாம் என்று மருத்துவர் விளக்கி முடித்ததும், சிஸ்டர் பயிற்சி பொம்மையின் தலைமாட்டுக்குப் போய், வாயில் சேருவதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் குழாயைத் தலையணைக்கு அடியில், வலது கைக்கு எட்டும்படி செருகிக் காட்டினார். "வாந்தி வந்த பிறகு இதைத் தேடக் கூடாது" என்றார். மருத்துவரும் அதைக் குறித்துக்கொண்டார்.

மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து கற்பிப்பது புதிதல்ல. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், லேக்சைட் மருத்துவமனையில் 1915-இல் அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைலும் செவிலியர் அகதா ஹாட்ஜின்ஸும் தொடங்கிய மயக்கவியல் பள்ளியில், செவிலியர்களோடு மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் மாணவர்களாக அமர்ந்தார்கள். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற செவிலியரே மயக்க மருந்து கொடுப்பதும் உண்டு. இங்கே அந்தப் பொறுப்பு மருத்துவருடையது, நாங்கள் உடன் நிற்கிறோம். ஆனாலும், உடன் நிற்பவருக்கும் அந்த அலையைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி.

ஒரு குறை உண்டு: சிஸ்டருக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அரை மணி நேரம்தான், சென்னை வெயிலில் பாதிப் பேருக்கு வகுப்பிலேயே மயக்கம். அடுத்த முறை தொண்டைக்குள் பார்த்துக் குழாய் செருக உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியின் சரிபார்ப்பைக் காலையிலேயே அவரிடம் கொடுக்கக் கேட்டிருக்கிறோம்.