கடல் கொழிக்கும் கோணமாமலை

எனக்கும் அப்பத்தாவுக்கும் ஒரே நாளில்தான் பாஸ்போர்ட் வந்தது. எனக்கு வயது பதினாறு, அப்பத்தாவுக்கு எழுபத்தொன்று. ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது திருகோணமலை என்று சொன்னது நான்தான். என் சின்ன வயதில் அப்பத்தா மடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த முதல் தேவாரம் "தாயினும் நல்ல தலைவர்". அது திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்தில் வரும் பாட்டு. எட்டு வயதுக்குள் பதிகம் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது. அர்த்தம் பாதிகூடத் தெரியாது. பாடும்போது ஒரு மலையும் கடலும் கண்ணுக்குள் வரும், அவ்வளவுதான். அந்த மலையை நேரில் பார்க்க வேண்டும் என்று பல நாள் ஆசை.

சம்பந்தர் இந்தக் கடலைத் தாண்டியதில்லை. இராமேசுவரத்தில் நின்று, ஈழத்துத் தலங்களான திருகோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்பது மரபு. பதினாறாம் வயதில் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலந்தவர் அவர். விமானம் கடலுக்கு மேலே வந்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்குக் கிடைக்காத நேர் தரிசனம் அதே வயதில் எனக்குக் கிடைக்கப்போகிறதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அப்பத்தா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, வேன் பிடித்துத் திருகோணமலை போய்ச் சேர ஒரு பகல் ஆனது. ஊர்ப் பலகைகளில் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே தமிழும் இருந்ததால் தம்பி ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான். வழியில் கந்தளாய்க் குளத்தருகே வண்டியை நிறுத்தினோம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். திருகோணமலைச் சிவனான கோணேசரின் கோயில் வயல்களுக்காகக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய குளம் என்று கோயில் மரபு சொல்கிறது. ஒரு சாமிக்கு எத்தனை மைல் தள்ளி ஏரி! அப்பத்தா கீழே இறங்கி அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் கோயிலுக்குக் கிளம்பினோம். கோணேசர் கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். கோட்டை வாசல் கல்லில் இரண்டு கயல்கள் செதுக்கியிருக்கின்றன. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி வந்து பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் துண்டு அது. பாட்டு சொன்னதுபோலவே போர்த்துக்கீசியர் வந்து 1620களில் கோயிலை இடித்தார்கள். அந்தக் கல்லையே கோட்டை கட்டவும் எடுத்துக்கொண்டார்கள். கோயில் கல்லைத் தொட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறோம் என்று தெரிந்தபோது செருப்புக் காலோடு நடக்க மனம் வரவில்லை. அங்கேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். உள்ளே புள்ளிமான்கள் ஆட்களுக்குப் பயப்படாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

மேலே ஏற ஏறக் காற்று பலமானது. பெரிய சிவன் சிலையைத் தாண்டி உள்ளே நுழைந்ததும், வாசலருகே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "வாங்கோ, இந்தியாவில இருந்தோ?" என்று கேட்டார். அப்பத்தாவைப் பார்த்ததும் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். நிறையச் சொன்னார். இடிப்புக்குத் தப்ப மண்ணுக்குள் ஒளித்துவைத்த செப்புத் திருமேனிகள், 1950இல் கிணறு தோண்டும்போது கிடைத்தனவாம். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இந்தப் பாறைக்கு அடியிலிருக்கும் கடலில் முக்குளித்தபோது பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டிருக்கிறார்கள். இப்போதைய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது.

"கடலுக்க கிடக்கு பிள்ளை, இன்னும் கிடக்கு," என்றார்.

கோயிலுக்குப் பக்கத்தில் இராவணன் வெட்டு. செங்குத்தான பாறையில் பெரிய பிளவு. பிள்ளை வரம் கேட்டவர்கள் மரத்தில் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடுகின்றன. எட்டிப் பார்த்தால் ஆழத்தில் நீலம். ஏதோ பெரிய மிருகம் குமுறுவதுபோல அலைச்சத்தம் மேலே ஏறி வந்தது. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்று பதிகத்தின் முதல் பாட்டில் வரும் அடிக்கு அதுவரை எனக்குச் சரியாக அர்த்தம் தெரியாது. குரைகடல் என்றால் இந்தச் சத்தம் என்று காதே சொல்லிவிட்டது. "கொழிக்கும்னா என்ன அப்பத்தா?" என்று கேட்டேன்.

"முறத்துல அரிசிய கொழிப்போம்ல தாயி, முன்னயும் பின்னயும் ஆட்டி ஆட்டி, கல்லு தனியா அரிசி தனியா. அது மாதிரி அலை முன்ன வந்து பின்ன போயி முத்த ஒதுக்குதாம்."

கீழே பார்த்தேன். அலை பாறைவரை வந்து போனது. சந்தனமும் அகிலும் மணியும் வாரிக்கொண்டு வருகிற கடல் என்று அதே பாட்டில் சம்பந்தர் சொல்கிறார். அந்தக் கடலுக்குள்தான் கோயில் தூண்கள் போய் விழுந்தன. முந்நூறு வருஷத்துக்கு மேல் அவற்றை வைத்திருந்து, ஒருநாள் காட்டிக்கொடுத்ததும் அதே கடல்தான். எனக்கு அழுகை வந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கோணேசருக்கு அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்தார்கள். அப்பத்தா என் கையை அழுத்த, பாட ஆரம்பித்தேன். முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. "பனித்திளந் திங்கட் பைந்தலை நாகம்" வரை வந்து அடுத்த சொல் நின்றுவிட்டது. வீட்டில் ஒருநாளும் தடுக்காத இடம் அது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் "படர்சடை முடியிடை வைத்தார்" என்று எடுத்துக்கொடுத்தது. பாவாடை தாவணியில் என் வயதுப் பெண். மெட்டு எங்கள் வீட்டு மெட்டு இல்லை, அதைவிட நீளமாக இழுத்தாள். நான் அவள் இழுப்புக்கு இறங்கிப் பாடினேன். "தாயினும் நல்ல தலைவர்" வந்தபோது அப்பத்தாவும் அந்தப் பெரியவரும் இன்னும் பலரும் சேர்ந்துகொண்டார்கள். திரை விலகித் தீபம் காட்டினார் குருக்கள். கோணேசரைக் கண்ணாரக் கண்டேன். பிறகு மாதுமை அம்பாள் சந்நிதி. அங்கே எதுவும் பாடத் தோன்றவில்லை, கும்பிட்டு நின்றேன்.

வெளியே வந்து அந்தப் பெண்ணைத் தேடினோம், காணவில்லை.

சாயங்காலம் ஊர்க் கடற்கரைக்குப் போனோம். அப்பத்தா கணுக்கால் நனைய நின்று, அலை வந்து திரும்பும்போது குனிந்து கையை நீட்டினார். ஈர மணலும் ஒரு சிப்பித் துண்டும் தங்கின. கண்ணில் ஒற்றி முந்தியில் முடிந்துகொண்டார்.

"மொதப் பாட்ட இன்னொருக்கா சொல்லு தாயி."

"நிரைகழல் அரவம்" என்று ஆரம்பித்தேன்.