லேசர் மென்பொருளில் கேமரா கிராஷ்: லினக்ஸில் அது விழும் நேரத்தைக் கவனியுங்கள்

லேசர் கட்டிங் இயந்திரத்தின் மூடியில் கேமரா மாட்டியாயிற்று. பலகையின் படத்தின் மேல் டிசைனை இழுத்து வைத்து வெட்ட வேண்டியதுதான் பாக்கி. கேமரா ஜன்னலைத் திறந்ததும் மென்பொருள் மொத்தமாக மூடிக்கொள்கிறது. உடனே எல்லோரும் செய்வது மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. பெரும்பாலும் அதனால் பயன் இல்லை. லேசரை இயக்கும் மென்பொருள் லைட்பர்ன் ஆனாலும் மீர்கே40டி ஆனாலும் கேமராவோடு நேரடியாகப் பேசுவதில்லை. அடியில் லினக்ஸின் மையமான கர்னலின் யூவிசிவீடியோ டிரைவர், அதன் மேல் வி4எல்2 என்ற வீடியோ இடைமுகம், அதற்கும் மேல் படத்தைக் கையாளும் நூலகமான ஓபன்சிவியோ ஜிஸ்ட்ரீமரோ, கடைசியில்தான் நாம் பார்க்கும் திரை. எந்த அடுக்கு உடைந்தாலும் வெளியே தெரிவது ஒரே கிராஷ்தான்.

அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி, எப்போது விழுகிறது என்று கவனிப்பது. திறந்த உடனே விழுவது ஒரு நோய். படம் ஒழுங்காக வந்து சில நிமிடம் கழித்து விழுவது வேறு நோய். லேசர் சுடும்போது மட்டும் விழுந்தால் கணினியில் எதையும் மாற்ற வேண்டியதே இல்லாமல் போகலாம்.

முதலில் இரண்டு டெர்மினல் ஜன்னல்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் சூடோவோடு டிமெஸ்ஜி கட்டளையை டபிள்யூ விருப்பம் கொடுத்து ஓடவிடுங்கள். கர்னல் சொல்வது வரிவரியாக வந்துகொண்டே இருக்கும். இன்னொன்றில் லேசர் மென்பொருளை அதன் பெயரை அடித்துத் தொடங்குங்கள். ஐகானைச் சொடுக்கித் திறந்தால் சாகும் நொடியில் அது அச்சிடும் கடைசி வரி கண்ணில் படாமலே போய்விடும். அந்த வரி இல்லாமல் செய்வதெல்லாம் ஊகம்தான். இங்கே கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

திறந்த உடனே விழுந்தால்

வி4எல்-யுடில்ஸ் தொகுப்பை நிறுவி, வி4எல்2-சிடிஎல் கட்டளையை லிஸ்ட்-டிவைசஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள். மாட்டியிருப்பது ஒரே கேமராதான், ஆனால் அதன் பெயருக்குக் கீழே வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு முனைகள் (மென்பொருள் கேமராவைத் திறக்கும் கோப்புகள்) தெரியும். கர்னல் 4.16 முதல் யூவிசி என்ற பொதுத் தரத்தில் ஓடும் யூஎஸ்பி கேமராக்களுக்கு இப்படித்தான். முதல் முனையில் படம் வரும். இரண்டாவதில் பிரேம்களின் நேரக்குறி போன்ற மெட்டாடேட்டா மட்டும் வரும், படம் வராது. சில மென்பொருள்கள் இரண்டையும் கேமரா என்றே பட்டியலில் காட்டுகின்றன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வெற்றுப் படம். அதைச் சரிபார்க்காமல் எழுதிய மென்பொருளாக இருந்தால் கிராஷ். சந்தேகமான முனையின் மேல் அதே கட்டளையை 'ஆல்' விருப்பத்தோடு ஓட்டி, டிவைஸ் கேப்ஸ் என்ற பகுதியில் 'வீடியோ கேப்சர்' இருக்கிறதா, 'மெட்டாடேட்டா கேப்சர்' இருக்கிறதா என்று பாருங்கள். ராஸ்பெர்ரி பையில் வீடியோ10 தொடங்கி இன்னும் பல முனைகள் இருக்கும். அவை சிப்புக்குள் இருக்கும் வீடியோ கோடெக், படச் செயலி ஆகியவற்றின் முனைகள். கேமராவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முனை சரியாக இருந்தும் விழுந்தால், லேசர் மென்பொருளை ஒதுக்கிவிட்டு கேமராவை மட்டும் சோதியுங்கள். வி4எல்2-சிடிஎல் கட்டளைக்கு ஸ்ட்ரீம்-எம்மேப் விருப்பமும், ஸ்ட்ரீம்-கவுண்ட் 300 என்றும் கொடுத்தால் முந்நூறு பிரேம்களை எடுத்துவிட்டு நிற்கும். இதுவே தடுமாறினால் லேசர் மென்பொருள் மேல் குற்றமில்லை.

இங்கே அடிக்கடி வரும் பிழை 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. வட்டில் இடம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கோப்புகளை அழிக்கத் தொடங்கிவிடாதீர்கள். கர்னலின் மைனஸ் 28 என்ற பிழை எண்ணுக்குப் பொதுவான விளக்கம் அது. கேமரா விஷயத்தில் அதன் பொருள், யூஎஸ்பி தடத்தில் இந்த ஓட்டத்துக்கு ஒதுக்க அலைவரிசை (தரவு செல்லும் கொள்ளளவு) இல்லை என்பது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். யூஎஸ்பி 2.0-இல் ஒரு விநாடி 8000 நேரத்துண்டுகளாக, அதாவது மைக்ரோபிரேம்களாகப் பிரிகிறது. கேமரா பயன்படுத்தும் ஐசோக்ரனஸ் (இடைவிடாமல் நேரத்துக்கு அனுப்பும்) முறையில், எண்ட்பாயிண்ட் எனும் ஒரு தரவு வாயில் ஒவ்வொரு மைக்ரோபிரேமிலும் அதிகபட்சம் 3072 பைட் அனுப்பலாம். ஆக, விநாடிக்கு சுமார் 24.5 மெகாபைட். ஒய்யூஒய்வி என்ற சுருக்கப்படாத வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். 640×480 அளவில் 30 பிரேம் என்றால் 18.4 மெகாபைட், தாங்கும். 1920×1080 அளவில் 5 பிரேமுக்கே 20.7 மெகாபைட் ஆகிவிடும். 5 மெகாபிக்சல் மூடிக் கேமராவின் 2592×1944 அளவில் ஒரு பிரேம் மட்டுமே 10 மெகாபைட். விநாடிக்கு 2 பிரேமுக்கு மேல் வராது. இதில் 30 பிரேம் கேட்டால் எங்கிருந்து வரும்? அதனால் பெரிய அளவுகளுக்கு, ஒவ்வொரு பிரேமையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவம்தான் வழி. லிஸ்ட்-ஃபார்மட்ஸ்-எக்ஸ்ட் விருப்பம், எந்த வடிவத்தில் எந்த அளவு எத்தனை பிரேம் கிடைக்கும் என்று முழுப் பட்டியலையும் கொடுக்கும். மென்பொருளில் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க இடம் இல்லாவிட்டால் அளவைக் குறையுங்கள்.

இரண்டு கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மலிவான கேமராக்கள் பல, எம்ஜேபெக்கில் ஓடும்போதும் தேவைக்கு மேல் அதிகபட்ச அலைவரிசையை முன்பதிவு செய்துவிடுகின்றன. முதல் கேமரா திறக்கும், இரண்டாவதில் மைனஸ் 28. யூவிசிவீடியோ மாட்யூலுக்கு குவர்க்ஸ்=128 கொடுக்கச் சொல்லும் அறிவுரை பரவலாக இருக்கிறது. அது சுருக்கப்படாத வடிவங்களுக்கு மட்டுமே வேலை செய்யும், எம்ஜேபெக்குக்கு அதனால் பயன் இல்லை. யூஎஸ்பி 3 ஹப் வாங்குவதும் உதவாது. யூஎஸ்பி 2 கேமராவை நீலப் போர்ட்டில் செருகினாலும் அது பழைய 480 மெகாபிட் கம்பிகளில்தான் ஓடும். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி விருப்பத்தோடு ஓட்டி, இரண்டு கேமராக்களும் வேறு வேறு கன்ட்ரோலரின் கீழ் வருமாறு போர்ட்டை மாற்றிச் செருகுவதே உறுதியான தீர்வு. அதே பட்டியலில் கேமராவுக்கு நேரே 480எம் என்பதற்குப் பதில் 12எம் என்று தெரிந்தால் கேபிளையோ இணைப்பையோ சந்தேகப்படுங்கள்.

தனியாக கேமரா நன்றாக ஓடி, லேசர் மென்பொருளில் மட்டும் விழுந்தால் மேல் அடுக்குக்கு வாருங்கள். பைத்தான் அடிப்படையிலான மென்பொருளில் 'எக்ஸ்சிபி' என்ற க்யூடி (ஜன்னல்களை வரையும் நூலகம்) பிளக்-இன்னை ஏற்ற முடியவில்லை என்று வந்து, அந்த வரியில் சிவி2 கோப்புறையின் பெயரும் இருந்தால், ஓபன்சிவி தன்னோடு கொண்டுவந்த க்யூடி முட்டுக்கட்டை போடுகிறது என்று பொருள். ஓபன்சிவி-பைத்தானை நீக்கிவிட்டு ஓபன்சிவி-பைத்தான்-ஹெட்லெஸ் போடுங்கள். நீக்காமல் இரண்டையும் சேர்த்து வைத்தால் சிக்கல் அப்படியே இருக்கும்.

ஓபன்சிவி ஜிஸ்ட்ரீமர் வழியாகப் போய்த் தடுக்கி விழுவதும் உண்டு. ஓபன்சிவி_வீடியோஐஓ_பிரயாரிட்டி_ஜிஸ்ட்ரீமர் என்ற சூழல் மாறிக்கு 0 கொடுத்துத் தொடங்கினால் அந்த வழி அடைபட்டு நேராக வி4எல்2-க்குப் போகும். மென்பொருளே ஜிஸ்ட்ரீமரைத்தான் நம்பியிருக்கிறது என்றால் 'பிளக்-இன்ஸ்-குட்' தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வி4எல்2எஸ்ஆர்சி, ஜேபெக்டெக் இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன. மென்பொருள் ஸ்னாப் தொகுப்பாக நிறுவப்பட்டிருந்தால் கேமரா இணைப்பை ஸ்னாப் கனெக்ட் கொண்டு தனியாகத் தர வேண்டும். திரையைக் காட்டும் அடுக்கான வேலண்ட் மேல் சந்தேகம் வந்தால் க்யூடி_க்யூபிஏ_பிளாட்ஃபார்ம் மாறிக்கு எக்ஸ்சிபி என்று கொடுத்து ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு நிமிட வேலை.

வேறு ஏதாவது கேமராவைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று ஃப்யூசர் கட்டளையால் பார்க்கலாம். அதில் லினக்ஸின் ஒலி, வீடியோ சேவைகளான பைப்வயர் அல்லது வயர்பிளம்பர் தெரிந்தால் பதற வேண்டாம். வி4எல்2 முனையைப் பலர் திறந்துவைக்கலாம், ஒருவர்தான் படம் ஓட்டலாம். குற்றவாளி பெரும்பாலும் பின்னணியில் திறந்து கிடக்கும் பிரவுசரின் வீடியோ அழைப்பு.

நன்றாக ஓடி, பிறகு விழுந்தால்

டிமெஸ்ஜி ஜன்னலில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்ற வரியும், அடுத்த ஓரிரு நொடியில் புதிய கருவி வந்ததாக இன்னொரு வரியும் இருக்கிறதா? கேமரா ஒரு கணம் அறுந்து திரும்ப வந்திருக்கிறது. அந்தக் கணத்தில் மென்பொருள் வீடியோ0-வைத் திறந்தே வைத்திருப்பதால் அந்த எண் விடுபடுவதில்லை. திரும்பி வந்த கேமராவுக்கு வேறு எண் கிடைக்கிறது. மென்பொருள் இல்லாத முனையிடம் பிரேம் கேட்கிறது, வெறும் கை வருகிறது. ஓபன்சிவி இதைத்தான் 'அசர்ஷன் ஃபெயில்ட்' என்று சொல்லி, எஸ்ஆர்சி எம்ப்டி, சிவிடிகலர் என்ற சொற்களோடு அச்சிட்டுவிட்டுச் சாகிறது. அந்த வரியைப் பார்த்தால் நிறமாற்றத்தில் ஏதோ கோளாறு போலத் தோன்றும். உண்மையில் மாற்றுவதற்குப் படமே வரவில்லை.

எண் மாறும் தொல்லைக்கு மருந்து இருக்கிறது. டெவ் கோப்புறைக்குள் வி4எல் என்பதன் கீழ் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு கோப்புறைகள் உண்டு. அவற்றிலுள்ள இணைப்புகள் எண் மாறினாலும் அதே கேமராவையே காட்டும். ஒரே மாடலில் இரண்டு கேமரா என்றால் சீரியல் எண்ணும் ஒன்றாகவே இருந்து பை-ஐடி மோதிக்கொள்ளலாம். அப்போது பை-பாத் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுவதற்கே காரணம் என்ன? பிழை எண் மைனஸ் 71 என்றால் கம்பியில் போகும் சிக்னலே கெடுகிறது. மைனஸ் 110 என்றால் கேட்டதற்குப் பதில் நேரத்தில் வரவில்லை. சும்மா இருந்துவிட்டுத் திரும்ப வந்து பார்க்கும்போதெல்லாம் விழுகிறது என்றால் தானியங்கி மின்சேமிப்பு: அந்தக் கருவியின் பவர்/கன்ட்ரோல் கோப்பில் 'ஆன்' என்று எழுதிச் சோதியுங்கள். மூடியைத் திறந்து மூடும்போது விழுந்தால் கீலைத் தாண்டும் இடத்தில் கேபிளுக்குள் இழை அறுந்திருக்கிறது. லேசரை அணைத்துவிட்டு, டிமெஸ்ஜியைப் பார்த்துக்கொண்டே மூடியைப் பத்து முறை மெதுவாகத் திறந்து மூடுங்கள், தெரிந்துவிடும்.

லேசர் சுடும்போது மட்டும் விழுந்தால்

இந்த நேரத்தில் கர்னல் சிலசமயம் 'டிஸேபிள்ட் பை ஹப்' என்று எழுதி, பக்கத்திலேயே ஈஎம்ஐ என்று கேள்விக்குறியோடு போடும். மின்காந்த இடையூறா என்று கர்னலே கேட்கிறது. பெரும்பாலும் ஆம்தான். லேசர் ஒளியை உண்டாக்கும் சிஓ2 குழாயின் மின்வழங்கி பத்தாயிரங்களில் வோல்ட் கொடுக்கிறது. மூடியிலிருந்து வரும் யூஎஸ்பி கேபிள் பல இயந்திரங்களில் அதை உரசிக்கொண்டே போகிறது.

எது இடையூறு செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பிரிக்கலாம். முதலில் லேசர் சக்தியை முடக்கிவைத்து, தலை மட்டும் நகரும்படி ஒரு வேலையை ஓட்டுங்கள்; விழுந்தால் மோட்டார் பக்கம். அடுத்து காற்று பம்பை மட்டும் பலமுறை போட்டு அணையுங்கள். அந்தக் கணத்தில் விழுந்தால் ரிலே அல்லது பம்பின் சுருள். இரண்டிலும் தாங்கி, குழாய் எரியும்போது மட்டும் விழுந்தால் உயர் அழுத்தப் பக்கம்.

கேபிளின் மொத்த நீளம் 5 மீட்டருக்குள் இருக்கட்டும், நடுவில் நீட்டிப்பு இணைப்பு இல்லாமல். உயர் அழுத்தக் கம்பியோடு இணையாக ஓடவிடாதீர்கள். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகத் தாண்டட்டும். கேபிளின் இரு முனைகளிலும் மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் மாட்டுங்கள். கேமரா பலகையை உலோக மூடியில் நேராகத் திருகியிருந்தால் நைலான் திருகுக்கு மாற்றுங்கள். இயந்திரத்தின் உடலும் கணினியின் எர்த்தும் கேமரா வழியாக ஒரு வளையமாகிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், பிளக்கைக் கழற்றிவைத்து, அதன் எர்த் முனைக்கும் இயந்திரத்தின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் தொடர்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லாத லேசரில் கேமரா விழுவது சின்ன விஷயம், ஆளுக்கே ஆபத்து. மின்வழங்கியின் பெட்டியைத் திறக்க வேண்டாம்; அணைத்த பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மின் தொடர்பைப் பிரித்துத் தரவை மட்டும் கடத்தும் யூஎஸ்பி ஐசலேட்டர் வாங்கலாமா என்ற எண்ணம் வரும். ஏடியூஎம்4160 சிப் வைத்த மலிவானவை 12 மெகாபிட்டோடு நின்றுவிடும், கேமராவுக்கு ஆகாது. இயந்திரத்தின் அருகே ஒரு சின்னக் கணினியில் கேமராவைச் செருகி, படத்தை நெட்வொர்க் ஓட்டமாக அனுப்புவது மேல். ஈதர்நெட் போர்ட்டுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், உறையில்லாத கேபிள் போட்டால் எர்த் வளையம் அங்கேயே அறுபடும். மீர்கே40டி நெட்வொர்க் முகவரியை கேமராவாக ஏற்றுக்கொள்ளும். உள்ளூர்க் கேமராவை மட்டுமே ஏற்கும் மென்பொருள் என்றால் வி4எல்2லூப்பேக் மாட்யூலில் ஒரு போலி கேமரா உருவாக்கி, எஃப்எஃப்எம்பெக் கொண்டு அதற்குள் படத்தை ஊட்டலாம். படம் கொஞ்சம் தாமதமாக வரும். ஆனால் உண்மையான கேமரா அறுந்தாலும் மென்பொருள் பிடித்திருக்கும் முனை மறையாது.

இத்தனைக்கும் பிறகு கர்னல் பதிவு சுத்தமாக இருந்து, மென்பொருள் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று விழுந்துகொண்டே இருந்தால் பிழை தேடும் கருவியான ஜிடிபி-க்குள் ஓட்டி, விழுந்ததும் 'பி-டி' என்ற இரண்டெழுத்துக் கட்டளையை அடியுங்கள். மேலிருந்து சில வரிகளில் எந்த நூலகத்தின் பெயர் வருகிறது என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயர் வந்தால் லிப்ஜிஎல்_ஆல்வேஸ்_சாஃப்ட்வேர் மாறிக்கு 1 கொடுத்துத் திறந்து பாருங்கள். விழாவிட்டால் கேமராவை விட்டுவிட்டு டிரைவரைக் கவனியுங்கள். மென்பொருளை எழுதியவர்களுக்குப் புகார் அனுப்பும்போது இந்தப் பதிவு, டிமெஸ்ஜியின் கடைசி ஐம்பது வரி, ஃபார்மட்ஸ் பட்டியல் மூன்றும் சேர்ந்து போகட்டும்.

சரியானதும் நேராக வெட்டப் போய்விடாதீர்கள். கிராஷைத் தீர்க்க கேமராவின் அளவை மாற்றியிருந்தால் பழைய லென்ஸ் அளவீடு செல்லாது. லென்ஸ் திருத்தத்தையும் அதன் பிறகு பலகையோடு பொருத்துவதையும் அதே வரிசையில் மறுபடி செய்து, வீணான அட்டையில் ஒரு கூட்டல் குறியைச் சுட்டு, திரையில் குறித்த இடத்திலேயே விழுகிறதா என்று நான்கு மூலைகளிலும் பாருங்கள்.