2075-ஆம் ஆண்டின் கல்யாணப் பத்திரிகை

கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவர்களை அறிவியல் புனைகதை எழுதச் சொல்லி, அந்தக் கதையிலிருந்து வீடும் தெருவும் வரைய வைக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன். "அதெல்லாம் தமிழ்த் துறை செய்ய வேண்டிய வேலை" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். எங்கள் கல்லூரியில் தமிழ்த் துறையே கிடையாது.

நான் தருமபுரியில் சிறிய அலுவலகம் வைத்துத் தொழில் செய்கிறேன். வாரத்தில் சில நாட்கள் ஒரு கல்லூரிக்குப் போய் வடிவமைப்பு ஸ்டூடியோ, அதாவது மாணவர்கள் வரைந்தும் மாடல் செய்தும் பழகும் வகுப்பு, நடத்துகிறேன். கூட்டத்தில் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததால், பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். தட்பவெப்பத்துக்கும் மக்களின் வாழ்க்கை முறைக்கும் ஏற்ற வடிவமைப்பு என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதன் கீழேயே என் திட்டத்தை எழுதிக் கொடுத்தேன். கதைக்கு மதிப்பெண் கிடையாது. வெட்டுத் தோற்றப் படம் (கட்டடத்தை நெடுக்காக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் படம்), மாடல், தண்ணீர்க் கணக்கு, நிழல் கணக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே மதிப்பெண் என்று சேர்த்ததும் கையெழுத்து விழுந்துவிட்டது. இதே வழியில் போக நினைக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம். கதையை வாசலில் நிறுத்தாமல் பின்கட்டு வழியாக உள்ளே கொண்டுவருவது சுலபம்.

கதைக்கு நான் கொடுத்த இடம் அரூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஆண்டு 2075. இன்றைக்கும் அன்றைக்கும் இடையே ஒரே ஒரு விஷயம் மாறியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்: சாதி, சொத்துத் தகராறு, கோயில் திருவிழா, மாமியார், கடன் எல்லாம் சேர்த்து. டார்கோ சுவின் என்ற விமர்சகர் அறிவியல் புனைகதையை இப்படித்தான் விளக்குகிறார். புதிதாக ஒன்றை உலகத்தில் நுழைத்துவிட்டு, அதன் விளைவுகளை அறிவுக்குப் பொருந்தும்படி தொடர்ந்து போவதே அதன் வேலை. பறக்கும் வண்டி, கண்ணாடிக் குமிழி, ரோபோ மூன்றுக்கும் தடை விதித்தேன்.

தடையை யாரும் மதிக்கவில்லை. முதல் வாரத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் செய்த படங்களைச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். அரூர் என்று எழுதிய பலகையை எடுத்துவிட்டால் துபாயா சிங்கப்பூரா என்று தெரியாத நகரங்கள். அந்தக் கட்டடங்களில் துணி எங்கே காயும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பதில் வரவில்லை. வெட்டுத் தோற்றம் முடியும்வரை செயலியைத் தொடக்கூடாது என்ற விதி அன்றைக்குத்தான் வந்தது.

இதற்கு முன்பு யாராவது கதையிலிருந்து கட்டியிருக்கிறார்களா என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. எட்வர்ட் பெல்லமி 1888-இல் எழுதிய 'லுக்கிங் பேக்வர்டு' நாவலின் நாயகன் தூங்கி 2000-ஆம் ஆண்டில் கண்விழிக்கிறான். அதைப் படித்துக் கிளர்ந்த எபினேசர் ஹோவர்டு என்ற சுருக்கெழுத்தாளர் 1898-இல் தோட்ட நகரம் பற்றி நூல் எழுதினார். 1903-இல் இங்கிலாந்தில் முதல் தோட்ட நகரமான லெட்ச்வொர்த்தின் வேலை தொடங்கியது. கதைக்கும் கடைக்காலுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்.

மாணவர்களை அதைவிட அதிகம் அசைத்தது வங்காள எழுத்தாளர் ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு'. அது 1905-இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த 'இண்டியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வந்தது. அந்தக் கதையில் சமையலறையில் புகை கிடையாது, கரி கிடையாது. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். வானத்தில் மிதக்கும் பலூனிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள். பெண்கள் வெளியே நடமாட, ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். "அப்படியானால் திண்ணை யாருக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகியது.

டோக்கியோவின் நககின் கேப்சூல் கட்டடத்தைப் பாதி உதாரணமாகவும் பாதி எச்சரிக்கையாகவும் காட்டினேன். கட்டடக்கலைஞர் கிஷோ குரோகாவா 1972-இல் கட்டியது. மொத்தம் 140 அறைப் பெட்டிகள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம் என்பது கனவு. ஒன்றுகூட மாற்றப்படவில்லை. 2022-இல் கட்டடத்தையே பிரித்துவிட்டார்கள். பெட்டி மாற்றும் நாளில் பணம் யார் கொடுப்பது, பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்ற அத்தியாயத்தை அந்தக் கதை எழுதாமலே விட்டுவிட்டது என்பது என் வாசிப்பு.

இதற்குப் பிறகு ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டை வரைய வேண்டாம். 2075-இல் அந்த வீட்டுக்குள் கிடக்கும் ஒரு காகிதத்தைச் செய்து வாருங்கள் என்றேன். மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, மளிகைச் சீட்டு, எதுவானாலும் சரி. ஒரு குழு கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தது. மஞ்சள் தடவிய ஓரம், பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் பெயர் எல்லாம் வழக்கம்போல. முகூர்த்தம் மட்டும் இரவு 1.30 மணிக்கு மேல் 3 மணிக்குள். கீழே சின்ன எழுத்தில்: "பகலில் வருகிறவர்களுக்கு உறங்க இடவசதி செய்யப்பட்டுள்ளது."

பங்குனியிலிருந்து ஆனி வரை பகலில் வெளியே நிற்க முடியாத வெயில். அதனால் ஊரே பகலில் உறங்கி இரவில் உழைக்கிறது. அதுதான் அவர்களுடைய ஒரே மாற்றம். அங்கிருந்து அவர்கள் போன தூரம் எனக்கே புதிது.

இன்றைக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கான்கிரீட் தளமும் செங்கல் சுவரும் பகல் முழுக்க வெப்பத்தை வாங்கி, பல மணி நேரம் தாமதித்து, நாம் படுக்கும் நேரம் பார்த்து உள்ளே விடுகின்றன. அதனால்தான் மொட்டை மாடியில் பாய் விரிக்கிறோம். பகலில் உறங்குகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கனத்த சுவர் பகலில் குளிர்ச்சி தருகிறது. அது சூட்டைக் கக்கும் நேரத்தில் வீட்டில் ஆளே இல்லை. நூற்றாண்டுகளாகக் கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிற கற்பலகைக் கூரை அவர்கள் கதையில் மறுபடி பொருத்தமாகிறது. (அடுத்த வாரமே மல்லசந்திரம் கல்திட்டைகளுக்கு அழைத்துப்போய், பலகைக் கல்லுக்கு அடியில் உச்சிவேளையில் உட்கார வைத்தேன். பெருங்கற்கால ஈமச்சின்னத்தில் உட்கார்ந்து எதிர்காலம் பேசுவது எனக்குப் பிடித்திருந்தது.)

படுக்கையறையைக் கிழக்கில் வைக்க முடியாது. உறங்கப் போகும் காலை வேளையில் அங்கேதான் வெயில் அடிக்கிறது. வடக்குக்கு நகர்த்தினார்கள். மேற்கே தானிய அறையும் குளியலறையும் போயின. மொட்டை மாடி இரவில் புளி தட்டவும் பிள்ளைகள் படிக்கவும் ஆன இடமாகிவிட்டது. இருட்டில் நடமாட்டம் அதிகமானால் பாம்பு, தேள். எனவே தெருவோரம் உயர்ந்த நடைமேடை, முழங்கால் உயரத்தில் விளக்கு. கொல்லைப்புறத்துக் கழிவறை வீட்டோடு சேர்ந்தது. வாஸ்து பார்க்கிறவர் என்ன சொல்வார் என்பதற்கும் ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். அதை இங்கே போட இடமில்லை.

இன்னொரு மாணவன் பென்னாகரத்துக்காரன். அவன் பாட்டியின் பல்லில் ஃபுளோரைடு கறை உண்டு. தருமபுரி நிலத்தடி நீரின் பிரச்சினையை அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் 2075-இல் ஆண்டில் பாதி நாள்தான் ஓடும் என்பது அவனுடைய மாற்றம். பிறகு கணக்கு. நூறு சதுர மீட்டர் கூரை. ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். சிதறுவது போக எண்பது சதவீதம் பிடித்தால் 68,000 லிட்டர். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 18,250 லிட்டர். கூரை போதும், போதாதது தொட்டி. அடுத்த மழை வரும்வரை நீரைக் கெடாமல் வைக்கும் தொட்டியை எங்கே வைப்பது என்று தேடி, கடைசியில் வீட்டின் நடுச்சுவரையே தொட்டியாக்கினான். அது குளிர்ந்த சுவராகவும் ஆனது. கதையில் பாட்டி அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் பேசுகிறார்.

இறுதி ஜூரிக்கு, அதாவது மாணவர்களின் வேலையை மதிப்பிடும் அமர்வுக்கு, வெளியிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் முதலில், "இதற்கு அனுமதி யார் தருவார்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். கல்யாணப் பத்திரிகைக் குழுவின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "ஊரே பகலில் தூங்கினால் பகலில் காவல் யார்?" என்றார். கோயில் மண்டபத்தை ஒட்டிப் பகல்காவல் கொட்டகை ஒன்று வரைந்திருந்தார்கள். முறை வைத்து விழித்திருப்பவர்கள், தபால்காரர், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் கூடும் இடம் அது. அதன் தரைக்கு என்ன கல் என்று அவர் கேட்டார். தரைக் கல்லைப் பற்றி ஜூரி கேட்டால் கட்டடத்தை நம்பிவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்வேன். எல்லாக் குழுக்களும் இப்படித் தேறவில்லை. கதையை நன்றாக எழுதிய ஒரு பெண் வழக்கமான மூன்று படுக்கையறை வீட்டையே வரைந்திருந்தாள். கதையில் இருந்த நடுநிசிச் சந்தை படத்தில் கார் ஷெட்டாகிவிட்டது. குறைந்த மதிப்பெண்தான் போட முடிந்தது.

இதைத் தொழிலிலும் செய்து பார்த்தேன். காரிமங்கலத்தில் வீடு கட்ட வந்தவர் மாங்கூழ்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2055-இல் ஒரு மே மாத நாள் உங்கள் வீட்டில் எப்படிப் போகும் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். அவர் எழுதவில்லை. அவருடைய அம்மா சொன்னார்: "நான் இருக்க மாட்டேன் கண்ணு. இவனுக்கு என் முழங்கால் வந்திருக்கும். மருமகள் மட்டும் மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருப்பாள்." மாடியில் போட்டிருந்த பெரிய படுக்கையறை அன்றைக்கே கீழே இறங்கியது. மேற்குச் சுவரின் அலங்கார ஜன்னல் போனது. போர்ட்டிகோவுக்கு அடியில் மழைநீர்த் தொட்டி வந்தது. மேஸ்திரி மட்டும், "இவ்வளவு பெரிய சம்ப்பா மேடம்?" என்றார். தண்ணீர்க் கணக்கைச் சொன்னதும், தொட்டிக்குள் இறங்கிக் கழுவ இரும்புப் படி வைக்க வேண்டும் என்று அவரே சேர்த்தார்.

அனுமதிக்குக் கதை போகாது, படம்தான் போகும். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024-இல் வந்த சுயசான்றிதழ் முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அந்த வீடு அதற்குள் அடங்கியது.

கடைக் கட்டடம் கட்ட வருகிறவர்களிடம் மட்டும் இந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை. அவர்களுக்கு 2055 வேண்டாம். தை மாதம் வாடகை வர வேண்டும். ஷட்டர் எத்தனை, முன்னால் எத்தனை வண்டி நிற்கும் என்று கேட்டு வரைந்து கொடுத்துவிடுகிறேன்.