வோ மாளிகையின் வெற்று விதானம்

பாரிஸுக்குப் போகிறவர்கள் தவறாமல் வெர்சாய் அரண்மனை பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அதற்கு முதல் நாளே வோ-லெ-விகோந்த் மாளிகைக்குப் போய்வந்தது நல்லதாகப் போயிற்று. வெர்சாய் எதற்காக எழுந்தது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

பாரிஸின் லியோன் நிலையத்தில் ரயில் ஏறி அரை மணி நேரத்தில் மெலன் ஊர். அங்கிருந்து டாக்சி. வயல்களுக்கு நடுவே, அகழி சூழ நிற்கிறது மாளிகை. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் நிதிப் பொறுப்பாளர் நிக்கோலா ஃபூக்கே கட்டியது. அவருடைய ஊர் வழக்கில் ஃபூக்கே என்றால் அணிலாம். சுவர், கூரை என எங்கு திரும்பினாலும் அணில் செதுக்கல். கூடவே ஒரு லத்தீன் வாசகம்: இவன் ஏறாத உயரமும் உண்டா?

அரசருக்கென்று ஒதுக்கிய படுக்கையறையில் வெகுநேரம் நின்றேன். 1661 ஆகஸ்ட் 17 அன்று இங்கே பெருவிருந்து. மோலியேரின் புது நாடகம், வாணவேடிக்கை எல்லாம் நடந்தன. லூயி இந்த அறையில் படுக்கவில்லை. அன்றிரவே ஃபோந்தேன்ப்ளோ அரண்மனைக்குத் திரும்பிவிட்டார். செப்டம்பர் 5 அன்று நாந்த் நகரில் ஃபூக்கேயை அரசரின் மெய்க்காவல் மஸ்கட்டியர் படையின் தார்தன்யான் கைது செய்தார். அன்று அரசருக்கு இருபத்து மூன்றாவது பிறந்தநாள்.

விருந்தில் வந்த பொறாமையே காரணம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. கைதுக்கான ஏற்பாடு விருந்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. அதற்கும் பின்னால் ஒரு சிறுவனின் பயம் இருக்கிறது. லூயி அரியணை ஏறியது நான்கு வயதில். 1648 முதல் 1653 வரை நீதிமன்றத்தாரும் பிரபுக்களும் அரண்மனைக்கு எதிராகக் கிளம்பினார்கள். 1651 பிப்ரவரியில் ஓர் இரவு, அரசர் தப்பிவிட்டாரா என்று பார்க்கப் பாரிஸ் ஜனங்கள் அவருடைய படுக்கையறைக்கே வந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கிடந்தான். அந்த இரவை அவன் மறந்திருப்பான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1661 மார்ச்சில் முதலமைச்சர் மஸரன் இறந்ததும், இனி முதலமைச்சரே வேண்டாம், நானே ஆள்கிறேன் என்றார் லூயி. அந்த இடத்தை எதிர்பார்த்திருந்தவர் ஃபூக்கே. அரசுப் பணத்தில் அவர் கை சுத்தம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மஸரன் சேர்த்துவைத்த சொத்து ஃபூக்கேயின் சொத்தைவிடப் பெரியது. அதை யாரும் விசாரிக்கவில்லை.

ஃபூக்கே மீது மூன்று ஆண்டு வழக்கு. நீதிபதிகளை அரசர் தரப்பே பொறுக்கி எடுத்தது. அப்படியும் 1664 டிசம்பரில் பெரும்பான்மையோர் மரண தண்டனை தரவில்லை, நாடு கடத்தினால் போதும் என்றார்கள். அரசர் என்றால் தண்டனையைக் குறைப்பவர்தானே? லூயி கூட்டினார். ஆயுள் சிறை. ஆல்ப்ஸ் மலையோரத்துப் பினரோல் கோட்டையில் கிடந்து 1680-ல் ஃபூக்கே இறந்தார். ‘நானே அரசு’ என்று லூயி சொன்னதாகச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. சொல்லவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. ஒரு தீர்ப்பைத் தன் கையால் கூட்டி எழுத முடிந்ததே, முழு முடியாட்சி என்பது எனக்கு அதுதான்.

ஃபூக்கேயை வீழ்த்த முன்னின்றவர் லூயியின் அமைச்சர் கோல்பேர். அதே 1664-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. பத்து ஆண்டு கழித்து அது எங்கள் புதுச்சேரியில் வந்து இறங்கியது. பள்ளியில் படித்த அந்தப் பெயரை இந்த வழக்கில் பார்த்தபோது சில்லென்றது.

தோட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். படியில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மட்டமாக, கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. நடக்கத் தொடங்கினால் தரை இறங்குகிறது, எதிர்பாராமல் குறுக்கே ஒரு பெரிய கால்வாய்! அப்புறம் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். இதை வடிவமைத்த ஆந்த்ரே ல நோத்ர் கண்ணை ஏமாற்றத் தெரிந்த மேதை.

மாளிகை நடுவே நீள்வட்டக் கூடம். அதன் விதானத்தில் சூரியனின் அரண்மனையை வரைய ஓவியர் ஷார்ல் ல ப்ரன் திட்டமிட்டிருந்தார். கைதோடு வேலை நின்றுபோனது. இப்போது இருப்பது பிற்காலத்தார் தீட்டிய வானம். ல ப்ரன், ல நோத்ர், கட்டடக் கலைஞர் லூயி ல வோ, மூவரையும் அரசர் வெர்சாய்க்கு அழைத்துக்கொண்டார். இங்கிருந்த ஆரஞ்சு மரங்களும் அங்கே போயின.

மறுநாள் வெர்சாய் கண்ணாடிக் கூடம். 73 மீட்டர் நீளம், கூட்டம் தோளோடு தோள் இடிக்கிறது. எல்லோரும் கண்ணாடிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். ல ப்ரன் இங்கே முழுதாக வரைந்து முடித்திருக்கிறார். விதானத்தின் நடுவே லூயி வீற்றிருக்கிறார். அந்த ஓவியத்தின் தலைப்பு, ‘அரசர் தாமே ஆள்கிறார், 1661’. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.