படுவான்கரையில் கையெழுத்துக் கேட்பது

கள ஆய்வுக்குப் புறப்படும் மானிடவியல் மாணவரிடம் பல்கலைக்கழகங்களின் ஒழுக்கநெறிக் குழுக்கள் தவறாமல் கேட்பது, தகவல் தருபவர் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தை. நோக்கம் நல்லதுதான். ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில், அந்தப் படிவம் யாரைக் காக்கிறது என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை அரச படைகளிடமும் படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகள் இயக்கத்திடமும் இருந்த போர்க்காலத்தில், ஒரு கடதாசியில் பெயர் இருப்பது இரு பக்கத்திலும் ஆபத்தாக இருந்தது. சுற்றிவளைப்பில் அடையாள அட்டையை நீட்டியபடி தலையாட்டிக்கு (முகத்தை மறைத்துக்கொண்டு, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவருக்கு) முன்னால் வரிசையில் நின்றவர்கள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு வீட்டில் (ஊரின் பெயர் வேண்டாம்) நான் எந்த ஊர், எந்தக் குடி (தாய்வழிக் குலம்) என்று விசாரித்து முடித்ததும், அந்த அம்மா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, காணாமற்போனோரைப் பற்றி விசாரிக்க 2013இல் அமைத்த ஆணைக்குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பம், பிறகு காணாமற்போன ஆட்கள் அலுவலகத்துக்குக் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலே லமினேற் செய்த மகனின் படம். என் படிவத்தைக் கண்டதும், “இதுவும் கொமிசனா மகள்? எங்க வைக்கிற?” என்று பேனையை வாங்கினார். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று கோப்பில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, மடித்து வைத்துவிட்டேன்.

1990களில் இங்கே களப்பணி செய்த மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ், காணாமற்போன பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவரிடம் வாக்குக் கேட்க வந்த குடும்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே வாய் திறந்து அழுவதற்கு எவரும் பெயர் பதியவேண்டியிருக்கவில்லை என்பதை நம் முறையியல் வகுப்புகள் கவனிக்கலாம்.

வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்தால் போதும் என்பார்கள். குரல் கையெழுத்தைவிட எளிதில் பிடிபடும். ஆய்வாளர் போன பிறகு அந்த வீட்டுக்கு வேறு யாரோ வந்து, “அவ என்ன கேட்டுட்டுப் போறா?” என்று விசாரிப்பது இங்கே புதிதல்ல.

பெயரை மாற்றி எழுதுவதும் வெளியாருக்கு மட்டுமே மறைப்பு. குடி தாய்வழியில் வருகிற, கோயில் உரிமைகள் குடிவாரியாகப் பிரிந்திருக்கிற ஊரில், இன்ன குடிப் பெண், இரண்டு ஆண்பிள்ளைகளை இழந்தவர் என்று எழுதினாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். இதற்காக இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒருவராக எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் அப்படிக் கலக்கும்போது திகதிகளும் கலங்குகின்றன. 1990இல் பிள்ளையைக் கொண்டுபோனவர்களும் 2006இல் கொண்டுபோனவர்களும் ஒரே ஆட்கள் அல்லர். ஆகவே ஊர், குடி, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் நீக்குகிறேன், ஆண்டை மட்டும் மாற்றுவதில்லை. அதனால் அத்தியாயம் மெலிந்துபோகிறது என்று என் மேற்பார்வையாளர் சொல்கிறார். அது உண்மைதான்.