கொலுசுப் பட்டறையில் கேட்ட திரை விமர்சனங்கள்

படம் முடிந்து வெளியே வருபவரின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி "படம் எப்படி?" என்று கேட்பது இப்போது எல்லா ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. சேலத்திலும் புதுப்படத்தின் முதல் காட்சி முடியும் நேரத்தில் திரையரங்கு வாசல்களில் கைப்பேசியும் மைக்குமாக இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். "முதல் பாதி போனதே தெரியவில்லை, இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை", "பின்னணி இசை மிரட்டல்", "குடும்பத்தோடு ஒருமுறை பார்க்கலாம்" என்று எந்தப் படத்துக்கும் பொருந்தக்கூடிய நாலைந்து வாக்கியங்களே அங்கே சுற்றிச் சுற்றி வருகின்றன. இதை வைத்து, சாதாரணப் பார்வையாளருக்குப் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. வண்டி நிறுத்துமிடத்துச் சீட்டைத் தேடிக்கொண்டும், தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டும் நிற்கிற ஒருவரிடம் அரை நிமிடத்தில் தீர்ப்புக் கேட்டால் அவர் வேறு என்னதான் சொல்வார்? படம் மனத்தில் ஊறுவதற்கு நாள் கொடுத்து, எந்த இடம் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டது என்று கேட்டால், எந்தப் பத்திரிகையிலும் நான் படித்திராத விமர்சனங்கள் வந்து விழுகின்றன. அவற்றில் சிலவற்றை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகு நாளாக உண்டு.

செவ்வாய்ப்பேட்டையில் என் தாய்மாமா நடத்தும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நான் கணக்கு எழுதுகிறேன். உருக்கிய வெள்ளியைக் கம்பியாக இழுப்பதில் தொடங்கி, வளையம் வெட்டி, கண்ணி கோத்து, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதி, சலங்கை சேர்த்து, மெருகு போட்டு, எடை பார்த்து அனுப்புவது வரையில் ஒவ்வொரு வேலைக்கும் பழகிய கை ஒன்று இருக்கிறது. கண்ணும் கையும் வேலையில் கட்டுண்டு கிடப்பதால் பேச்சு ஒன்றே அங்கே அனைவருக்கும் பொதுவான ஓய்வு. அந்தப் பேச்சில் பாதி சினிமா. படம் பார்த்த மறுநாள் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமலே ஒருவர் ஒரு காட்சியை எடுத்துப் போடுவார், இன்னொருவர் மறுப்பார், மாலையில் தட்டுவடை செட் வாங்கித் தின்னும் வண்டிக் கடை வரைக்கும் அந்த வாதம் கூடவே நடந்து வரும்.

2024 செப்டம்பர் இறுதியில் பிரேம்குமார் இயக்கத்தில் 'மெய்யழகன்' வெளிவந்தது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன் அருள்மொழி, இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, தங்கை முறையாகும் பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே பெயர் நினைவுக்கு வராத ஓர் உறவினனின் அன்பில் மாட்டிக்கொள்கிறான். ஊரை இழந்த ஏக்கம், உறவின் அருமை, கார்த்தி, அரவிந்த்சாமி ஆகியோரின் நடிப்பு ஆகியவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. எங்கள் பட்டறையில் சலங்கை வைக்கும் அக்கா, அந்தத் திருமண மேடைக் காட்சியைத் தவிர வேறு எதையும் பேச விடவில்லை. "எல்லாரும் பார்க்க அண்ணன்காரர் கீழே குனிஞ்சு தங்கச்சி காலுக்குக் கொலுசு போட்டுவிடறார் பாருங்க, அங்கதான் எனக்குத் தாங்கலை. வருஷம் பூரா நாம கொலுசு பண்றோம், அது எந்தக் காலுக்குப் போகுதுன்னு ஒருநாளும் கண்டதில்லை. அன்னைக்குக் கண்டுட்ட மாதிரி இருந்துச்சு" என்றார்.

பொடி ஊதும் பெரியவர் அத்தோடு விடவில்லை. மூத்தவன் இளையவள் காலைத் தொடுவது நம் வீடுகளில் இல்லாத வழக்கம். ஊரை விட்டுப் போன கோபத்தில் இத்தனை காலம் நல்லது கெட்டதுக்குக் கூட வராமல் இருந்தவன் வாயால் மன்னிப்புக் கேட்க மாட்டான். அதனால் இயக்குநர் அவன் கையில் கொலுசைக் கொடுத்துக் கேட்க வைத்துவிட்டார் என்பது அவர் வாதம். எனக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது என்பது தெரியும். ஏன் பிடித்தது என்பது அவர் சொல்லித்தான் விளங்கியது. நம் வீடுகளில் யார் காலை யார் தொடலாம், மேடையில் யார் எங்கே நிற்கலாம் என்ற முறைகளை ரத்தத்தில் வைத்திருக்கும் ஒருவரால்தான் அதைப் பிடிக்க முடியும். நட்சத்திரக் குறிகளை எண்ணிப் போடும் விமர்சனத்தில் இதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது?

அதே படத்தைப் பற்றி எதிர்க் கருத்தும் கேட்டேன். மூன்று மணி நேரத்துக்குச் சற்றே குறைவாக ஓடிய அந்தப் படம் நீளம் என்று பலரும் குறைபட்டுக்கொண்டார்கள்; வெளியான சில நாட்களில் படக்குழுவினரே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். அந்த வெட்டு எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனாலும் நீளம் என்று சொன்னவர்கள் எல்லாரும் பொறுமையற்றவர்கள் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து சேலத்தில் படம் பார்க்கிறவர், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் திரும்ப வேண்டியவர். கடைசிப் பேருந்தின் நேரத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் இருக்கையில் உட்காருகிறார். அவர் "இழுவை" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் பேருந்தும் இருக்கிறது, நான்கு பேருக்கு எடுத்த நுழைவுச்சீட்டின் விலையும் இருக்கிறது, மறுநாள் விடியற்காலை வேலையும் இருக்கிறது. அதே மனிதர் அதே படத்தை வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஒரு பகுதி, பின் ஒரு பகுதி என்று பார்த்துவிட்டு, இரவெல்லாம் இருவரும் பேசிக்கொண்டிருக்கும் இடம்தான் படத்திலேயே சிறந்த இடம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டுமே அவருடைய நேர்மையான கருத்துகள். முதலாவதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு படத்தில் கத்தரி வைப்பதுதான் அநியாயம்.

தொழில் தெரிந்தவர் பார்க்கும்போது படம் வேறாகிவிடுகிறது என்பதற்கு அஸ்தம்பட்டியில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்காரரையும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் வந்த 'மகாராஜா'வில் நாயகனுக்கு அவர் தொழில்தான். காலம் முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போடப்பட்ட அந்தக் கதையில் எல்லாரும் முடிச்சு அவிழும் இடத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, இவருக்கு நாயகன் அதிகம் பேசாததே உறுத்தியிருக்கிறது. "எங்க கடையில வாய் திறக்காம அரை நாள் ஓட்ட முடியாதுங்க. இவன் என்ன இப்படி இருக்கான்னு படம் பூரா எரிச்சல். முடிஞ்சதுக்கு அப்புறம்தான், பேச ஆரம்பிச்சா உடைஞ்சுருவான்னு பிடிபட்டுச்சு" என்றார். அடுத்த வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

2024 ஆகஸ்ட் 23 அன்று மாரி செல்வராஜின் 'வாழை'யும் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் ஒரே நாளில் திரைக்கு வந்தன. இரண்டையும் பற்றி நான் கேட்ட கருத்துகள்தான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியவை.

'வாழை'யைப் பற்றிப் பேசியவர், மெருகு போடும் அண்ணனின் அக்கா. ஏற்காட்டுப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் பழம் பறிக்கிறார். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டிச் சரிவில் தூக்கி வந்து, எடை போட்டுக் கூலி வாங்கும் வாழ்க்கை அவருடையது. பள்ளி விடுமுறையில் வாழைத்தார் சுமக்கப் போகும் சிறுவன் சிவனணைந்தானின் கதையைத் தம்பியின் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அவர் முதலில் சொன்னது நடையைப் பற்றி: "தலையில சுமை இருக்கறப்போ கண்ணு கீழே பார்க்க முடியாது. காலுதான் வழி பார்க்கும். சேத்துல அந்தப் பையன் கால் வைச்சது பழகின கால்." அந்தச் சிறுவர்கள் சுமையோடு வயலில் நடக்கும் காட்சிகளை நான் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். பாதம் முதலில் தடவிப் பார்க்கிறது, பிறகுதான் பாரம் அதன் மேல் இறங்குகிறது. இயக்குநர் தன் பிள்ளைப் பருவத்திலிருந்து எடுத்த கதை அது என்பதை நேர்காணல்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கு ஒரு கால் எட்டு வைத்ததிலேயே தெரிந்துவிட்டது.

கூலியைக் கூட்டிக் கேட்கும் காட்சியிலும் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். கேட்பவனைவிட, அவனுக்குப் பின்னால் நிற்பவர்களின் முகங்களைத்தான் பார்த்தாராம். "கேட்கறவனுக்கு தைரியம் இருக்கும். பின்னாடி நிக்கறவங்களுக்குத்தான் நாளைக்கு வேலை இருக்குமான்னு வயித்தைக் கலக்கும்" என்றார். பையனுக்குப் பிடித்த டீச்சர் வரும் காட்சிகள் கதையோடு ஒட்டாமல் நிற்கின்றன என்று சிலர் எழுதியதை அவரிடம் சொன்னேன். அவர் அதை ஏற்கவே இல்லை. சனி ஞாயிறு வந்தால் சுமை தூக்கப் போக வேண்டியிருக்கும் பிள்ளைக்குத் திங்கட்கிழமை ஒன்று இருந்தாக வேண்டும், அந்தத் திங்கட்கிழமைதான் டீச்சர் என்றார். பிணம் கிடக்கும் வீட்டில் பசி தாங்காமல் சோற்றில் கை வைக்கும் கடைசிக் காட்சியைப் பற்றி மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதே ஆண்டு வந்த 'லப்பர் பந்து'வைப் பற்றிப் பட்டறை ஆண்கள் வாரக்கணக்கில் கிரிக்கெட் மட்டுமே பேசினார்கள். அணிக்குள் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதில் சாதி நுழையும் இடத்தைப் படம் நெற்றிக்கு நேரே வைத்திருந்தும், அதைக் கடந்து போய்விட்டார்கள் என்பது என் மனக்குறை. அதை முதலில் எடுத்துப் பேசியவர் படத்தை அரைகுறையாகப் பார்த்த, கண்ணி கோக்கும் பையன்தான்.

'கொட்டுக்காளி'க்கு வருகிறேன். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவை ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் பாண்டியும் உறவினர்களும் ஆட்டோவிலும் இருசக்கர வண்டிகளிலுமாக ஒரு சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள். பின்னணி இசை கிடையாது. மீனா ஏறத்தாழ வாயே திறப்பதில்லை. திரையரங்கில் பார்த்தவர்கள் பலர் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று எழுந்து வந்ததை நானே கண்டேன். என் பெரியம்மாவுக்கு அந்தப் படத்தை வீட்டில் போட்டுக் காட்டியபோது நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். பெரியம்மா பழைய படங்களின் ஆள். ஏற்காடு சாலையில் இன்று நுழைவாயில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படநிறுவனத்தின் படங்கள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அதை நிறுவிய டி.ஆர். சுந்தரம் இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஏராளமான படங்களை எடுத்தார் என்பதில் அவருக்குச் சொந்த வீட்டுப் பெருமை. அந்த வாரம்கூட 1950இல் வந்த 'மந்திரி குமாரி'யைக் கைப்பேசியில் மீண்டும் பார்த்து முடித்திருந்தார். அவருக்கு "சமீபத்தில் பார்த்த படம்" என்றால் அதுவும்தான்.

இரண்டு படங்களையும் அவர் ஒன்றாகச் சேர்த்துப் பேசியது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'மந்திரி குமாரி'யில், தன்னை மலையுச்சியிலிருந்து தள்ளக் கூட்டி வந்த கணவனிடம் அமுதவல்லி, சாகும் முன் உங்களை மூன்று முறை வலம்வர வேண்டும் என்று கேட்டு, சுற்றி வரும்போது அவனையே தள்ளிவிடுகிறாள். குண்டலகேசியின் கதையிலிருந்து வந்த கட்டம் அது. "சுத்தறப்போ அவ யோசிக்கலை. யோசிச்சு முடிச்சுட்டுத்தான் சுத்தவே கேட்டா. இந்தப் பொண்ணும் அப்படித்தான். முடிவு பண்ணி முடிச்சுட்டா, அதான் பேச ஒண்ணுமில்லை. பேசிட்டே இருக்கறவங்க எல்லாம் இன்னும் முடிவு பண்ணாதவங்க" என்றார் பெரியம்மா. மீனாவின் மௌனத்தை அடக்குமுறையின் அடையாளமாகவே நான் அதுவரை பார்த்திருந்தேன். விமர்சனங்களும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதின. அது உறுதியின் மௌனம் என்று கொண்டால் படத்தின் எடையே இடம் மாறுகிறது: தொண்டை கட்டிப்போய்க் கரகரத்த குரலில் எல்லாரையும் அதட்டிக்கொண்டே வரும் பாண்டிதான் வழி தெரியாதவன், ஆட்டோவுக்குள் அசையாமல் இருக்கிறவள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டவள்.

படத்தின் முடிவு திறந்தே விடப்பட்டிருக்கிறது. அந்தச் சாமியார் இன்னொரு பெண்ணுக்குச் செய்யும் "வைத்தியத்தை" நேரில் பார்த்துவிட்டுப் பாண்டி என்ன முடிவெடுக்கிறான் என்பதை இயக்குநர் நம்மிடம் விட்டுவிடுகிறார். பட்டறையில் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அவன் அவளைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவான், அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது என்கிறார் பொடி ஊதும் பெரியவர். கூட வந்த ஆண்கள் முன்னால் அவனால் வண்டியைத் திருப்பச் சொல்ல முடியாது, அடுத்த சாமியாரைத்தான் தேடுவான் என்கிறார் மெருகு போடும் அண்ணன். நான் அண்ணன் பக்கம். சலங்கை வைக்கும் அக்காவோ இரண்டு பேரையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் என்ன செய்தால் அவளுக்கு என்ன, அவள் மனம்தான் மாறப்போவதில்லையே, பிறகு எதற்கு நாம் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டார். அதற்குப் பெரியவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.