ஆர்னிதின் எண்ணை எப்படிப் படிப்பது: ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 8
மாலைக்கண், கிட்டப்பார்வை, விழித்திரை ஓரத்தில் வட்ட வட்டமாகத் தேய்ந்த திட்டுகள். மூன்றும் சேர்ந்தால் கைரேட் அட்ரஃபி என்ற அரிய பரம்பரைக் கண்நோயாக இருக்கலாம். ரத்தப் பிளாஸ்மாவில் ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தின் அளவைப் பார்க்காமல், இதைப் போலவே தோன்றும் இன்னொரு விழித்திரை நோயான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று எழுதக் கூடாது. இயல்பு அளவு லிட்டருக்குச் சுமார் 40 முதல் 120 மைக்ரோமோல். இந்நோயில் 400 முதல் 1,400 வரை போகும். ஓஏடி (OAT) என்ற மரபணு பழுதானதால் ஆர்னிதினைச் சிதைக்கும் என்சைம் இல்லை. இந்நோயில் ஆர்னிதின் கூடுவதை 1973-ல் பின்லாந்தில் சிமெல், டாக்கி என்ற ஆய்வாளர்கள் கண்டுசொன்னார்கள்.

ஜனவரி 11
வெறும் வயிற்றில், காலையில், ஹெப்பரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) உள்ள குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும். ஐஸில் வைத்து உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைக்க வேண்டும். தாமதித்தாலோ சிவப்பணு உடைந்தாலோ சிவப்பணுவிலுள்ள ஆர்ஜினேஸ் என்ற என்சைம், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஆர்னிதினாக மாற்றிவிடும். ஆர்னிதின் கூடி ஆர்ஜினின் சரிந்திருந்தால் முதல் சந்தேகம் குழாய் மேல். ஆனால் பிளாஸ்மாவில் ஆர்ஜினினே ஏறக்குறைய 100-க்குள்தான். குழாய்ப் பிழையால் 800 வராது. உணவுக் கட்டுப்பாட்டில் 200-ஐ ஒட்டி நிற்பவரிடம்தான் இந்தப் பிழை ஏமாற்றும்.

ஜனவரி 19
அமினோ அமிலங்களைப் பிரித்து அளக்கும் அயனிப் பரிமாற்ற முறையில் ஆர்னிதினும் லைசின் என்ற அமினோ அமிலமும் வரைபடத்தில் அடுத்தடுத்த பீக் (முகடு). ஆர்னிதின் மிக அதிகமானால் வால் நீண்டு லைசின் மேல் ஏறும். மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டவும். இந்நோயில் லைசின் இயல்பாகவே குறைவு, அதனால் அந்த எண்ணும் முக்கியம்.

பிப்ரவரி 3
வைட்டமின் பி6 கொடுத்து ஆர்னிதின் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை: தினம் 300 முதல் 600 மி.கி., சில வாரங்கள். உணவை மாற்றவே கூடாது. மாற்றினால் எண் இறங்கியது எதனால் என்று யாரும் சொல்ல முடியாது. பலன் காண்பவர்கள் சிலரே. பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். பெரிய அளவில் நீண்ட நாள் கொடுத்தால் நரம்பு பாதிக்கும்.

பிப்ரவரி 21
ஆர்ஜினினிலிருந்து ஆர்னிதின் உண்டாவதால் ஆர்ஜினின் குறைத்த உணவு: நிலக்கடலை, எள், பருப்பு, இறைச்சி எல்லாம் அளந்துதான். ஈடுகட்ட ஆர்ஜினின் இல்லாத அமினோ அமிலக் கலவை. ஆர்னிதின் இலக்கு 200-க்குக் கீழ். அளவு மீறிக் குறைத்தால் யூரியா சுழற்சி (உடல் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் வழி) தடுமாறி அம்மோனியா ஏறும். ஆகவே ஒவ்வொரு முறையும் அம்மோனியாவும் கேளுங்கள்.

மார்ச் 6
நோயாளியின் குடும்பத்தில் பிறந்த சிசுவுக்கு ஆர்னிதின் இயல்பாக வந்தால் நம்ப வேண்டாம். முதல் மாதங்களில் அதே என்சைம் எதிர்த்திசையில், ஆர்னிதினை உண்டாக்கப் பயன்படுகிறது. அது இல்லாத குழந்தைக்கு ஆர்னிதின் குறைவாகவும் அம்மோனியா கூடுதலாகவும் இருக்கலாம். அந்த வயதில் மரபணுப் பரிசோதனைதான் தேவை.